தொண்ணூறு கிலோமீட்டருக்கு வழித்துணை

தொண்ணூறு கிலோமீட்டர் சாலை ஓட்டத்தில் இருபதாவது கிலோமீட்டரைத் தொடும்போதே பல் டாக்டருக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கைக்கடிகாரத்திலேயே கண்ணாக ஓடியவர் நிமிர்ந்து பார்த்தால், சாலையோரத்தில் மனைவி தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தாள். கழுத்துவரை மூடிய மழைக்கோட்டு, முகமெல்லாம் வியர்வை.

"மெதுவாக் குடிங்க, புரை ஏறிடப் போகுது."

"நீ எங்க இங்க?"

"வீட்ல சும்மா உக்கார முடியலைங்க."

நாற்பதிலும் அவளே நின்றாள். வாழைப்பழம் உரித்துக் கொடுத்தாள். அறுபதில் அவரை உட்காரவைத்துக் கால் பிடித்துவிட்டாள். டாக்டருக்கு எரிச்சலாக வந்தது.

"உனக்கென்ன, கார்ல சொகுசா வந்து இறங்குற! ஓடிப் பாத்தாத்தான் கஷ்டம் தெரியும்."

"சரிங்க, பேசாம ஓடுங்க."

எண்பதில் அவளைக் காணவில்லை. டாக்டர் தவித்துப்போனார். தட்டுத் தடுமாறி எல்லைக்கோட்டைத் தாண்டியதும், ஆண்களில் இருநூற்றுப் பதினோராவது இடம் என்றார்கள். அதுவே பெரிசு என்று புல்தரையில் சாய்ந்தார்.

ஒலிபெருக்கியில் பெண்கள் பிரிவின் பரிசுகளை அறிவித்தார்கள். இரண்டாம் பரிசுக்கு மேடையேறியவளைப் பார்த்ததும் டாக்டர் விருட்டென்று எழுந்தார். மழைக்கோட்டைக் கழற்றியிருந்தாள். பனியனில் போட்டி எண் இருந்தது.

கோப்பையோடு இறங்கி வந்தவளிடம், "என்னை எப்படி நீ தாண்டுன?" என்று திக்கினார்.

"நாலு தடவை தாண்டுனேன். நீங்க எங்க நிமிந்து பாத்தீங்க?"

"அப்ப நான் இருநூத்திப் பதினொண்ணு, நீ ரெண்டாவதா?"

"முதலாவதா வந்திருப்பேங்க. உங்க காலைப் பிடிச்சுவிட்ட நேரத்துலதான் ஒருத்தி முந்திட்டா!"