ஜன்னலோர சீட்டு

மலைப்பாதையில் பஸ் வளையும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு குண்டு மனிதர், "கடலுடா!" என்று கத்தினார். கூடவே வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.

"எங்களுக்கும் கொஞ்சம் ஜன்னலை விடேண்டா!" அவரோடு ஊர் சுற்றிப் பார்க்க வந்த நண்பர்கள் கெஞ்சினார்கள்.

தினமும் அதே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போகும் டீச்சருக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"ஊருக்குப் புதுசா சார்? பயப்படாதீங்க. இந்த ரூட் டிரைவருங்க கெட்டிக்காரங்க."

நண்பர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "இத்தனை வருஷமா இந்த ரூட்டை ஓட்டுறதே இவன்தாங்க! இன்னைக்கு லீவு."

தினமும் பார்த்துப் பழகிய அந்தப் பின்மண்டை டீச்சருக்கு அப்போதுதான் பிடிபட்டது.

"அப்போ, கடலை இங்கேருந்து பார்த்ததே இல்லையா?"

"ஓட்டும்போது நான் பார்த்திருந்தா, இந்நேரம் நீங்கல்லாம் அதுக்குள்ளதான் இருந்திருப்பீங்க, டீச்சர்!"