இந்த வீட்டுக்கு ஒரு ஏசிதான்

மெயின் பெட்டிக்குக் கீழே போட்ட ஸ்டூலின் ஒரு கால், ஏசிக்காரரைப் போலவே களைத்துப்போய் ஆடியது.

இது இன்றைக்கு எத்தனையாவது வீடு என்று எண்ணுவதை அவர் மத்தியானத்தோடு நிறுத்திவிட்டார்.

கோடை வந்தால் அவர் பிழைப்பு அப்படி. ஊரையெல்லாம் குளிர வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஃபேனுக்குக் கீழே சட்டையைக் கழற்றி உதறுகிற பிழைப்பு.

கீழே நின்ற பெரியவர் புகாரை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ரிட்டயர் ஆனவர். காது கொடுக்க ஆள் கிடைத்தால் விடுகிற ரகமில்லை.

"ராத்திரி ஆனா போதும் தம்பி, பிரேக்கர் டப்புனு விழுந்துடுது. தூக்கி விட்டா மறுபடி விழுது. என் ரூம் ஏசியும் போச்சு, அவ ரூம் ஏசியும் போச்சு. ரெண்டு பேரும் ஹால்ல ஃபேனுக்கு அடியில வந்து உக்காந்து விடிய விடிய பேசிக்கிட்டிருக்கோம். எவ்வளவுதான் பேசறது, நீங்களே சொல்லுங்க!"

ஏசிக்காரர் தன் மனைவியோடு கடைசியாக எப்போது உட்கார்ந்து பேசினோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் வரவில்லை. பழியை வெயில்மேல் போட்டுவிட்டு ஸ்க்ரூவைக் கழற்றினார்.

ஏசி இரண்டையும் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. கம்ப்ரசர், கெப்பாசிட்டர், வயர் முனைகள், எதிலும் ஒரு குறையில்லை. தனித்தனியாக ஓட்டினால் இரண்டும் தங்கம். சேர்த்து ஓட்டினால் டப்.

பெரியவருக்குப் பதினெட்டில் வைத்தால்தான் தூக்கம் வரும். அவர் மனைவிக்கு, அந்த அம்மாவுக்கு, அவ்வளவு குளிர் ஆகாது. பையன் வேலை கிடைத்து வெளியூர் போனதும், காலியான அவன் அறையில் இரண்டாவது ஏசியை மாட்டி அம்மாவை அங்கே அனுப்பிவிட்டாராம்.

"சண்டையே இல்ல பாருங்க" என்று அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

பெட்டியின் மூடி கையோடு வந்தது. ஏசிக்காரர் மூடியைப் பிடித்தபடியே நின்றுவிட்டார்.

இரண்டு ஏசிக்கும் இரண்டு பிரேக்கர் இருந்தன. அதில் ஒன்று வயரே இல்லாமல், பல் விழுந்த வாய் மாதிரி காலியாகக் கிடந்தது. இரண்டு ஏசியின் பாரத்தையும் பக்கத்துப் பிரேக்கர் ஒற்றை ஆளாகச் சுமந்துகொண்டிருந்தது. விழாமல் என்ன செய்யும், பாவம். அந்த வீட்டில் தன் வேலையை ஒழுங்காகப் பார்த்தது அது ஒன்றுதான்.

அதைவிட அதிசயம், வயர்களைச் சேர்த்திருந்த விதம்.

பிரேக்கரிலிருந்து வந்த துண்டு வயர் ஒன்று, ஏசி வயர்கள் இரண்டு. தொழில் தெரிந்தவன் மூன்றையும் சேர்த்து ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் போவான். இங்கே ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றி எடுத்து, ஒரு பிசிறு இல்லாமல் பின்னியிருந்தது. மேலே டேப்புக்குப் பதில், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரி. அதுவும் சூட்டில் பாதி கழன்று தொங்கியது.

"யார் சார் இதுல கை வெச்சது?"

"யாருமில்லையே! எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. அவளப் பத்திக் கேக்கவே வேணாம். கரண்ட்னா அவ்வளவு பயம். மிக்ஸி ப்ளக் சொருகக்கூட என்னைத்தான் கூப்பிடுவா."

ஏசிக்காரர் மெயினை அணைத்துவிட்டு கட்டிங் பிளேயரை எடுத்தார். பின்னலை வெட்டி, ஒரு வயரைக் காலிப் பிரேக்கரில் மாட்டினால் முடிந்தது. அதற்குப் பிறகு இந்த வீட்டில் எதுவும் விழாது. அவரவர் அறை, அவரவர் குளிர்.

அந்த நேரம் பார்த்து அம்மா தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ஏசிக்காரர் கையிலிருந்த பிளேயரையே பார்த்தார்.

கொடுத்துவிட்டுச் சமையலறைப் பக்கம் திரும்பினார்.

இடுப்பு வரை நரைத்த பின்னல். மாற்றி மாற்றி, இறுக்கமாக, ஒரு பிசிறு இல்லாமல்.

ஏசிக்காரர் பின்னலைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தார்.

பிளேயர் பைக்குள் போனது.

பிளாஸ்திரியை உரித்தார். பின்னலைக் கலைக்காமல், அதன்மேல் நல்ல டேப்பாக இறுக்கிச் சுற்றினார். மூடியை மாட்டி, மெயினைப் போட்டு, ஸ்டூலிலிருந்து இறங்கி, முகத்தைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்வதற்கு முன்னால் முகம் துடைப்பது நல்லது.

"சார், இந்த வீட்டு வயரிங் ஒரு ஏசிதான் தாங்கும். ஒரே ரூம்ல போட்டுக்கங்க. இருபத்தாறுல வைங்க, கம்ப்ரசருக்கு நல்லது."

இத்தனை வருஷத் தொழிலில், நன்றாக ஓடுகிற ஏசியை அணைக்கச் சொன்னது இதுதான் முதல் தடவை.

பெரியவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. "அப்ப என் ரூமா, அவ ரூமா?"

"அது நான் பாக்குற வேலை இல்ல சார்."

பெரியவர் முனகிக்கொண்டே தன் தலையணையைத் தேடிப் போனார்.

டம்ளரைத் திருப்பி வைக்கிற சாக்கில் ஏசிக்காரர் சமையலறைக்குள் எட்டிப் பார்த்தார். யாருமில்லை. டேப் சுருளை மிக்ஸிக்குப் பக்கத்தில் மறந்து வைத்தார். நன்றாக யோசித்துத்தான் மறந்தார்.

வண்டியைக் கிளப்பும்போது அம்மா வாசலுக்கு ஓடிவந்தார். கையில் டேப்.

உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"இதை எடுத்துட்டுப் போங்க தம்பி. என்கிட்ட ஒண்ணு இருக்கு. அன்னைக்கு அவசரத்துல கைக்குக் கிடைக்கல."