தட்டிப் பார்த்த சீர்

1953 ஆவணி 12, காலை ஒன்பதரை மணி. திருவனந்தபுரம் கரமனையில், சர்க்கார் கச்சேரி குமாஸ்தா பூதலிங்கம் பிள்ளையின் வீட்டுக் கூடத்தில் நாலு வெண்கலப் பாத்திரங்கள் பரிசோதனைக்குக் காத்திருந்தன.

பரிசோதகர், மாப்பிள்ளையின் தாயார் முத்தாரம்மாள். சீர்ப் பாத்திரங்களைத் தட்டிப் பார்ப்பதற்கென்றே கோட்டாற்றிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். கண்ணை அவள் நம்புவதில்லை, காதைத்தான் நம்புவாள்.

கையிலிருந்த பருத்த பொன் வளையல்களில் ஒன்றைக் கழற்றி உருளியின் விளிம்பில் தட்டினாள். 'டொக்' என்றது. பானையும் 'டொக்'. தவலையும் கிண்டியும் வேறு அபிப்பிராயம் சொல்லவில்லை.

"கீறல் விழுந்ததாத் தேடிப் பிடிச்சு வாங்கினேளா, சம்பந்தி?"

முகூர்த்தத்துக்கு இன்னும் நாலே நாள். ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாயிற்று.

"சாலைக் கடைத்தெருவில நானே சுண்டிப் பாத்து வாங்கினது மதினி." பிள்ளை உருளியை விரலால் சுண்டினார். அது கணீரென்று பாடியது.

"விரலுக்கு எல்லாந்தான் பாடும். பொன்னு பட்டாத்தான் வெண்கலம் உண்மையைச் சொல்லும், கேட்டேளா?"

பௌதிக சாஸ்திரத்தில் இப்படி ஒரு விதி இருப்பது பிள்ளைக்கு அதுவரை தெரியாது. மாப்பிள்ளையைப் பெற்றவள் சொன்னால் இருக்கத்தான் வேண்டும்.

முத்தாரம்மாள் பெருந்தன்மையோடு பெருமூச்சு விட்டாள். "போகுது, பாத்திரத்தை நான் பொறுத்துக்கிடுதேன். அதுக்குப் பதிலா, உங்க மக உலகம்மை கையில இதே மாதிரி எட்டு வளையல் போட்டு அனுப்புங்கோ. இம்மி மாறப்பிடாது. முடியாதுன்னா இப்பவே சொல்லிப்போடுங்கோ, நான் அடுத்த பஸ்ஸைப் பிடிக்கேன்."

அந்தப் பருமனில் எட்டு என்றால் வீட்டை விற்க வேண்டும்.

அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கல்யாணப் பெண் உலகம்மை காப்பியோடு வந்தாள். குனிந்து தம்ளரை வைக்கும்போது, அவள் கையிலிருந்த ஒரே வளையல் உருளியில் இடித்தது. கம்பி மாதிரி மெலிந்த வளையல்தான். கூடம் முழுக்கக் கணீரென்றது, அடங்க நேரமாயிற்று.

அதுவும் பொன்தான்.

முத்தாரம்மாள் தன் வளையலை அவசரமாகக் கையில் மாட்டிக்கொண்டாள்.

உலகம்மை நிமிர்ந்தாள்.

"சரின்னு சொல்லுங்கப்பா. இதே மாதிரி உள்ளே அரக்கு அடைச்ச வளையல்னா, எட்டென்ன, எண்பது போடலாம்."