கரு இல்லாத பக்கம்

எது கரு தங்கிய பக்கம் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மேசையில் இரண்டு கண்ணாடித் தகடுகள். ஒவ்வொன்றிலும் ஒரு கருப்பையிலிருந்து வெட்டிய மெல்லிய திசு. பேனாவை மாற்றி எடுத்துவிட்டாள். கழுவும் திரவத்தில் மை கரைந்து, தகடுகளில் எழுதிய இடது, வலது இரண்டும் போய்விட்டன.

பதினொரு வருடத்தில் இப்படிச் செய்ததில்லை.

மைக்ரோஸ்கோப்பில் மறுபடி கண்ணை வைத்தாள்.

வாலபிக்கு, அந்தச் சின்னக் கங்காருவுக்கு, கருப்பை இரண்டு. ஒரு தடவைக்கு ஒன்றில்தான் கரு தங்கும். ஆனால் மற்றதும் தடிக்கும். சுரப்பிகள் சுருண்டு நிறையும். சாறு ஊறும். இரண்டிலும் ஓடுவது ஒரே இரத்தம்.

முதல் நாள்களில் வித்தியாசமே இராது.

பிறகுதான் கரு உள்ள பக்கம் முந்திக்கொண்டு வளரும். மற்றது மெல்லச் சுருங்கும்.

இது முதல் நாள்களில் எடுத்தது.

வீட்டில் இருக்க முடியாமல்தான் இன்று ஆய்வுகூடத்துக்கு வந்திருந்தாள். குழந்தை பிறந்து ஐந்தாம் நாள். அடக்கம் செய்து இரண்டாம் நாள்.

அவளுடைய குழந்தை. சுமந்தவள் தங்கை தர்மினி.

அக்காவான அவளுக்குக் கருப்பையை எடுத்து நாலு வருடம். "நான் சுமந்து தாறன் அக்கா" என்று தர்மினிதான் முதலில் சொன்னாள். முப்பத்தெட்டாவது வாரத்தில் துடிப்பு நின்றது.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் தர்மினியின் கட்டிலைச் சுற்றி இருந்தார்கள். அது சரிதான். தையல் போட்ட உடம்பு.

அவள் எல்லோருக்கும் தேநீர் கொடுத்தாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா போனில் அழுதாள். "தங்கச்சியைக் கவனமாப் பார் பிள்ளை. பாவம், சுமந்தவள் அவளெல்லே."

"ஓம் அம்மா."

பத்தரைக்கு தர்மினி அழைத்தாள்.

"அக்கா, பால் கட்டிப்போச்சு. கல்லு மாதிரிக் கிடக்கு." மூச்சை இழுத்துக்கொண்டாள். "கோவா இலையைக் குளிர வைச்சு ஒட்டச் சொல்லினம். வாங்கிக்கொண்டு வாறியோ?"

"வாறன்."

மெழுகுக் கட்டியில் திசு இன்னும் மீதி இருந்தது. நாளைக்குப் புதிதாக வெட்டிக்கொள்ளலாம். விளக்கை அணைத்தாள்.

ஆறு மாதம் அவள் மாத்திரை எடுத்திருந்தாள். பிறகு மூன்று மணிக்கு ஒரு தடவை பம்ப். ஆய்வுகூடத்துக் கழிப்பறையில்கூட, குழாயைத் திறந்துவிட்டு. பெறாதவளுக்கும் பால் வரும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

போன மாதம் வந்தது. முதலில் ஒரு தேக்கரண்டி. பிறகு அரைக் கோப்பை.

கணவனைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. பிள்ளை வந்ததும் மடியில் போட்டுக் காட்டலாம் என்று இருந்தாள்.

ஐந்து நாளாகப் பம்பைத் தொடவில்லை.

வழியில் வாங்கிய கோவாவை, அந்த முட்டைக்கோஸை, தர்மினியின் வீட்டுக் குளிர்பெட்டியில் அரை மணி நேரம் வைத்தாள். இலைகளைப் பிரித்தாள். தடித்த நரம்புகளைப் போத்தலால் உருட்டி நசித்தாள். கிண்ணத்தில் எடுத்துப்போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

முதல் இலையை மார்பில் வைத்ததும் தர்மினி கண்களை மூடிக்கொண்டாள்.

"குளிருதோ?"

"சுகமாக் கிடக்கு."

அடுத்த இலையை வைக்கக் குனிந்தாள். தர்மினி கண் திறந்தாள். அக்காவின் சட்டையைப் பார்த்தாள்.

இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். "கழுவேக்கை தண்ணி பட்டிட்டுது."

தர்மினி அந்த ஈரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு தையலைக் கையால் பொத்திக்கொண்டு, பல்லைக் கடித்து, சுவர்ப் பக்கமாக மெல்ல நகர்ந்தாள். கட்டிலில் ஒரு ஆள் படுக்க இடம் வந்தது.

கிண்ணத்திலிருந்து ஓர் இலையை எடுத்தாள்.

"கதவைச் சாத்திப்போட்டு வா, அக்கா."