மூச்சுக்கு அசையாத சக்கரம்

எஞ்சினின் புகைமூச்சில் சுழன்று அதற்கே காற்றூட்டும் டர்போக்கள் இரண்டு மேசைமேல் இருந்தன. பந்தய வண்டியின் முதலாளி நாச்சிமுத்து குனிந்து ஊதினார். சிறியதன் சக்கரம் உடனே சுழன்றது, பெரியது அசையவேயில்லை.

"சின்னதையே போடு கண்ணு. பெருசு தூங்கி எந்திரிக்கறதுக்குள்ள மத்தவனெல்லாம் பந்தயத்த முடிச்சு டீ குடிச்சிருப்பான். தோத்தா அடுத்த பந்தயத்துக்கு வேற ஆளுதான் ஓட்டுவான், பாத்துக்க."

வண்டியை ஓட்டும் தமயந்தி, பெருமூச்சு விடட்டுமென்று தன் கையாலேயே காற்றுவழிகளை அகலப்படுத்தியிருந்த ரோட்டரி எஞ்சினைத் தடவிப் பார்த்தாள்.

"உங்க மூச்சுக்கே சுத்தறது இதோட மூச்சத் தாங்குமுங்களா?"

பெரியதையே பூட்டினாள்.

பந்தயக் கொடி அசைந்தது. எல்லா வண்டிகளும் அவளைக் கடந்து சென்றன. வேலியோரம் நாச்சிமுத்து தலையில் கைவைத்தார். அழுத்திய மிதியிலிருந்து அவள் காலை எடுக்கவில்லை. முன்மூடிக்கு அடியில், மிக மெல்லியதாக, பெரிய சக்கரத்தின் சீழ்க்கை தொடங்கியது.