குருவின் கட்டில்

“என்னால தொட முடியாது ஹர்லீன், நான் தூரமா இருக்கேன். சாமி குத்தம் ஆயிடும்” என்றாள் மொட்டைமாடியில் நின்ற பூங்கோதை.

ஏணியின் அடியில், இடுப்பளவு வெள்ளத்தில் ஹர்லீன் நின்றிருந்தாள். சீக்கியர்கள் வாழும் குருவாகவே வணங்கும் புனித நூலான குரு கிரந்த சாகிப்பைப் பட்டுத் துணியில் பொதிந்து இரு கைகளாலும் தலைமேல் பிடித்திருந்தாள். ஏணியைப் பற்ற இன்னொரு கை இல்லை. அவளுடைய ஒற்றை அறை வீட்டில் இருந்த ஒரே கட்டில் குருவுக்கானது. அவளும் கணவனும் தரையில்தான் படுப்பார்கள். இப்போது அந்தக் கட்டில் வாசல் வழியே மிதந்து வந்து அவள் முதுகில் மெல்ல இடித்தது. தண்ணீர் மார்புக்கு ஏறியது. நூலை இன்னும் உயர்த்திப் பிடித்தாள்.

“எங்க குருவுக்குத் தீட்டெல்லாம் கிடையாதுக்கா. தலையில முந்தானையைப் போட்டுக்கிட்டு, கையை மட்டும் நீட்டுங்க.”