ஸ்ரீநாத்துக்குச் சொல்லவில்லை

மேளத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, சுலோசனா போனோடு பின்கட்டுக்கு ஓடினாள்.

அமெரிக்காவிலிருந்து மகன் ஸ்ரீநாத். தினமும் காலை எட்டரைக்கு வரும் அழைப்பு.

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் அவள் கணவர் ராஜசேகரன் கிடந்தார். விடியற்காலையில் மாரடைப்பு.

மகனுக்குச் சொல்லக் கூடாதென்று அவள்தான் முடிவெடுத்தாள். சொந்தக்காரர்கள் குதித்தார்கள். ஒரே பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவன், அவனுக்கே சொல்லாமலா?

சொன்னால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். அவன் அப்படிப்பட்ட பிள்ளை.

ஏறினால் திரும்பிப் போக முடியாது. பாஸ்போர்ட்டில் புதிதாக விசா முத்திரை குத்தினால்தான் உள்ளே விடுவார்களாம். அதற்கான நேர்காணலை அந்த அரசாங்கம் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறது. அவனோடு வேலை பார்த்த திருமுருகன், தங்கை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவில் பூந்தமல்லி வந்தவன், ஐந்து மாதமாக இங்கேயே கிடக்கிறான். வேலை போய்விட்டது. பெண்டாட்டியும் பிள்ளையும் அங்கே.

ஸ்ரீநாத்தின் மனைவி ஸ்வாதிக்கு இது எட்டாம் மாதம்.

எங்கோ உட்கார்ந்து சட்டம் போடுகிறவனுக்கு, மாங்காட்டில் ஒரு மனுஷன் சாவான் என்று யோசிக்கவா நேரம்?

நல்லவேளை, இன்று வீடியோ இல்லை. குரல் மட்டும்.

“அப்பா இப்பதான் இட்லி துன்னுட்டு படுத்துகினு கீறாரு நைனா. இன்னா, உன் கொரலு ஒரு மாதிரி கீது?”

“சளிம்மா,” என்றான்.

அப்புறம் அவள்தான் பேசினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். முதல் பொய்தான் கஷ்டமாக இருந்தது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார். நேற்று மெட்ரோ வேலையை வேடிக்கை பார்க்கப் பூந்தமல்லிவரை போய்வந்தார். பெற்ற பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்றிருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை.

வாசலில் யாரோ ஆட்டோவிலிருந்து இறங்கி, மாரில் அடித்துக்கொண்டு பெருங்குரலெடுத்தார்கள். சுலோசனா பதறிப்போய் போனை இரண்டு கையாலும் பொத்தினாள்.

சத்தம் கொஞ்சம் அடங்கியதும் கையை எடுத்தாள். திரை வெளிச்சமாகியிருந்தது. அவன் வீடியோவைப் போட்டிருந்தான். எப்போது போட்டான், அவனுக்கு யார் சொன்னார்கள், ஒன்றும் தெரியவில்லை.

குளியலறைச் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை. தானே வழித்துக்கொண்டதில் காதோரம் திட்டுத்திட்டாக முடி விட்டுப்போயிருந்தது.

மீசையும் இல்லை.